துத்தநாகத்துக்கு மழைச்சட்டை

நான் படகுக்காரன் இல்லை, பங்குக்காரன். யாங்கோனில் சொந்தப் படகு இருப்பதாக சென்னை உறவினர்களிடம் பீற்றிக்கொள்வது வேறு விஷயம். பழைய மரப்படகு அது. தண்ணீருக்கு மேலே தெரிவதைப் பற்றித்தான் எனக்கு அபிப்பிராயம் உண்டு. கீழே உள்ளதெல்லாம் மேஸ்திரியின் ராஜ்யம்.

பன்சோடான் துறைக்கு எதிர்க்கரையான டலாவில் படகைக் கரையேற்றியபோது உதவுகிறேன் பேர்வழி என்று பிரஷ்ஷோடு இறங்கினேன். சுக்கானுக்குப் பக்கத்தில் சொறி பிடித்த சாம்பல் கட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

"கரையறதுக்குன்னே வச்ச கட்டிக்கு மழைச்சட்டை போட்டுட்டீங்களே, தம்பி!" என்றார் மேஸ்திரி.

வெண்கலப் புரொப்பல்லரும் இரும்புத் தண்டும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் அதுவே ஒரு பேட்டரி. மின்னோட்டம் பாயும், இரும்பு அரிக்கும். இரண்டையும்விடச் சுலபமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது துத்தநாகம், அதாவது அந்தச் சாம்பல் கட்டி. அதைச் சேர்த்து முடுக்கிவிட்டால் முதலில் அது கரையும், இரும்பு பிழைக்கும். பெயின்ட் பூசினால் கட்டி தண்ணீரையே தொடாது. அதன் அழகு மட்டும் குறையாமல் இருக்கும்.

பெயின்ட்டைச் சுரண்டித் தீர்த்தேன். மறுபடி கரையேற்றியபோது கட்டி தேயாமல் முழுசாக இருந்தது. மற்ற பங்காளிகளிடம் "பார்த்தீர்களா, என்ன தரம்!" என்று மார்தட்டினேன். மருந்துப் புட்டி காலியாகவில்லை என்று மகிழும் நோயாளியின் புத்தி. யாங்கோன் ஆற்றில் கோடையில் உப்பு ஏறும், மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீர்தான். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஓடு கட்டி அது வேலையை நிறுத்திவிடும். நன்னீருக்கு மெக்னீசியம் நல்லது, ஆனால் உப்பு ஏறினால் சீக்கிரமே கரைந்துவிடும். இரண்டுங்கெட்டான் தண்ணீருக்கு அலுமினியக் கலவைதான் தோது.

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். அளவுக்கு மீறிக் கட்டிகளை மாட்டவைத்தேன். காப்பாற்றப்பட்ட உலோகத்தைச் சுற்றிக் காரம் சேரும், அது மரத்தைத் தின்னும் என்று யாருக்குத் தெரியும்? போல்ட்டுகள் பளபள. சுற்றியிருந்த பலகையோ விரலால் குத்தினால் உள்ளே போகும் ஊறல்.

ஆறுதலுக்கு வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இருக்கிறார். 1824இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடு அரிக்காமலிருக்க இந்தக் கட்டி வித்தையைக் கண்டுபிடித்தவர். செம்பு கரைவது நின்றது. ஆனால் கொட்டலசுகளை அண்டவிடாமல் வைத்திருந்ததே கரைந்த செம்புதான். பாசியும் கொட்டலசும் அப்பி, கப்பல்களின் வேகம் குறைந்தது. சில ஆண்டுகளில் கடற்படை அதைக் கைவிட்டது.

இந்தக் கதையை மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன். ஊறிய பலகையைப் பெயர்த்துக்கொண்டே கேட்டார்: "அவரும் மேஸ்திரியக் கேக்காம செஞ்சவருதானா?"