அறுபது வெள்ளி ஓட்டம்

ஜொகூர் பாருவில் நம் ஆட்களுக்கு ஓடுவது புதிதல்ல. விடியற்காலை ஐந்து மணிக்கு சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்போர்ட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிங்கப்பூர் போகும் 170ஆம் எண் பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் பாதிப் பேரை அப்படியே ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதனால்தான், உலு திராம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஊர் மக்கள் சேர்ந்து நடத்தும் காட்டுப்பாதை ஓட்டம், ஏழே கிலோமீட்டர் என்று மகள் போனை நீட்டியபோது, தினமும் பாலம் தாண்டுகிறவனுக்கு இது ஒரு விஷயமா என்ற தோரணையில் தலையாட்டிவிட்டேன். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். 1924இல் திறந்ததிலிருந்து அது வளரவில்லை. அதையும் நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிறேன் என்பதை அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

உண்மையான காரணம் அரசாங்கம்தான். பல வருஷமாக ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. எனக்கோ சிங்கப்பூர் கணக்கில் ஞாயிறு. பிள்ளைகள் பள்ளிக்கூடம், மனைவி வேலை, வீடு நிசப்தம். அந்த ஞாயிறுகளில் தூங்கித் தூங்கி வளர்த்த தொப்பை இது. 2025 ஜனவரி முதல் தேதி மாநிலம் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அன்றிலிருந்து குடும்பமே ஹாலில் உட்கார்ந்து என் தூக்கத்தை மேற்பார்வை பார்க்கிறது.

கட்டணம் அறுபது வெள்ளி. டீ-சட்டை, மெடல், மைலோ எல்லாம் அதில் அடக்கம். "சட்டைத் துணி நல்லா இருக்காம்ங்க" என்று மனைவி ஒப்புதல் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் பிடிபடவில்லை.

"எவ்வளவு குடுக்குறாங்களாம்?"

"நாமதான்மா குடுக்கணும்."

காதில் இருந்த கருவியைத் திருகிவிட்டு மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் சொன்னேன். கருவி பழுதில்லை என்று தெரிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மா அந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவள். இப்போது செம்பனை நிற்கிற பல இடங்களில் அப்போது ரப்பர்; இப்போது மாடிவீடு நிற்கிற பல இடங்களில் செம்பனையோ ரப்பரோ. சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன மவுண்ட் ஆஸ்டினே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தானே. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு நிரைக்குள் இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் கோடு போட்டு, மங்குப் பாலை வாளியில் சேர்த்து, அது உறைவதற்குள் ஸ்டோருக்கு ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு மெடல் கிடையாது. பால் குறைந்தால் கங்காணியிடம் வசவு உண்டு.

சப்பாத்து விஷயத்திலும் அம்மா ஒரு யோசனை சொன்னாள். தோட்டத்து மளிகைக் கடையில் தொங்குமே, கயிறில்லாத கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள்முள்ளாக இருக்குமே, அது போதும் என்றாள். ஊரில் அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முழுக்க ரப்பர், பத்து வெள்ளி சொச்சம். நான் சிரித்துவிட்டு, ஒரு பேரங்காடியில் அதைப்போல முப்பது மடங்கு விலை கொடுத்து, விண்வெளிக்குப் போகிறவன் போடுவது மாதிரி ஒன்றை வாங்கினேன். முதல் பரிசு வாங்கிய பையன் காலில் எது இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்ட நாளன்று அம்மாவும் காரில் ஏறிக்கொண்டாள். தோட்டத்தைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு என்றாள். இருட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நெஞ்சில் நம்பர் குத்தி, ஒலிபெருக்கியில் பேர் கூப்பிட்டபோது, "பெரட்டு இன்னும் நடக்குதா?" என்று என் காதில் கேட்டாள். அதற்குள் ஒரு டத்தோ ஹாரன் அடித்துவிட்டார். நல்லவேளை.

இந்தப் பைத்தியத்தில் ஒரு வகை பிறந்ததும் நம் நாட்டில்தான். 1938இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயக் கணக்காளர் தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் முன்னால் காகிதத் துண்டுகளை இறைத்துப் போக, மற்றவர்கள் அதைத் தேடி ஓடுகிற 'ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' குழுவைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கக் கிளைகள். வழியில் வேண்டுமென்றே பொய்த்தடமும் போட்டு வைப்பார்கள். 1950இல் சங்கத்தைப் பதிவு செய்தபோது எழுதிய நோக்கங்களில் ஒன்று நல்ல தாகத்தை உண்டாக்கி அதை பீரால் தணிப்பது. இன்னொன்று, தாங்கள் நினைக்கிற அளவுக்கு வயதாகிவிடவில்லை என்று மூத்த உறுப்பினர்களை நம்பவைப்பது. அந்தக் கடைசி நோக்கம் எனக்கு முதல் மேடு வரைதான் செல்லுபடியானது.

மேட்டுக்கு அப்பால் ஒரே செம்பனை. முக்கோணக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளி விட்டு நடுவதால், எந்த மரத்தடியில் நின்றாலும் ஆறு பக்கமும் நேர்வழி தெரிகிறது. ஆறும் ஒரே மாதிரி. ஒரு நிரையில் ஆள் நடக்கலாம். அடுத்த நிரையில் வெட்டிப் போட்ட மட்டைகள் முள்ளோடு குவிந்து கிடக்கும். எலி பிடிக்கிற ஆந்தைக்காகக் கம்பத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். அதை அடையாளம் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெட்டி வந்தது. இது அதுவா, வேறா? உள்ளே இருக்கிற ஆந்தையைத்தான் கேட்க வேண்டும்.

பாதை காட்ட மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நான் நாடாவை நம்பாமல் முன்னால் போன மஞ்சள் சட்டையை நம்பினேன். அவர் இடது பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். மட்டைக் குவியலைச் சுற்றினார், சுற்றினேன். ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். நானும் போய் நின்றேன். "அங்கிள், இது டிரெயில் இல்லை" என்றார், திரும்பாமலே. எனக்குப் பின்னால் மூன்று பேர், என்னை நம்பி.

அந்த மூவரும் என்னை எப்போது தாண்டினார்கள் என்று தெரியாது. கடைசியில் நானும் ஒரு மலாய்க்காரப் பையனும்தான் மிஞ்சினோம். கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டியது அவன் பொறுப்பாம். "போலே, அங்கிள், போலே!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே, நான் தாண்டிய மரங்களிலிருந்து நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். நான் நகர நகர எனக்குப் பின்னால் பந்தயமே காலியாகிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். அவனும் நின்றான். அவன் மூச்சு வாங்கவில்லை.

முடிவுக்கோட்டில் மைலோ தீர்ந்திருந்தது, மெடல் இருந்தது. அம்மா காவல்காரரோடு சிநேகமாகி, ஒரு பை நிறையப் பூச்சோக் பாக்குக் கீரை பறித்து வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மெடலைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு, காலையிலிருந்து ஓடி நாடா பொறுக்கினாயே, நாள் சம்பளம் எவ்வளவு என்று மலாயில் விசாரித்தாள்.

"சம்பளம் இல்லை மக்சிக், சும்மா உதவிக்கு வந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "காசு கட்டி ஓடுறவன் ஒருத்தன், சம்பளமில்லாம வேலை செய்யறவன் ஒருத்தன். நாங்க அந்தக் காலத்துல என்னென்னவோ கங்காணியைப் பார்த்திருக்கோம். இந்த ஆள் யாருடா, எனக்குக் காட்டு" என்று நாற்காலியிலிருந்து எழுந்தாள்.