திருப்புட்குழியில் ஜேம்ஸ் பாண்டு: ஒற்றர் வகைமை குறித்து ஒரு முன்னாய்வு

ஒற்றர் படங்களை ஆராய்ந்த அறிஞர்கள் அவற்றை லண்டனில் வைத்துப் பார்த்தார்கள், பெர்லினில் வைத்துப் பார்த்தார்கள். பாலுசெட்டி சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறக்கி, உள்ளே திருப்புட்குழி வரை நடக்கவிட்டுப் பார்த்தவர் எவருமில்லை. துறையின் இந்தப் பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வு வினா எளியது: காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள இச்சிற்றூரில் எந்த வகை ஒற்றன் அகப்படாமல் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவான்?

வகைகள் இரண்டு. முதலாவது மினுக்கொற்றன். 1962இல் ‘டாக்டர் நோ’ படத்தோடு திரைக்கு வந்தவன். கோட்டு கசங்காது, துப்பாக்கி குறி தப்பாது, எதிரியின் தீவு கடைசியில் வெடிக்காமல் இருக்காது. இரண்டாவது கசங்கொற்றன். 1965இல் வந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு’ படத்தில் ரிச்சர்டு பர்ட்டன் இவனாக நடித்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பல மாதச் சம்பள பாக்கி இருப்பதாகத் தோன்றும். ஜார்ஜ் ஸ்மைலி இவ்வகையின் தலைமகன். குட்டை, பருமன், பொருந்தாத சட்டை, கழுத்துப்பட்டையால் துடைக்கும் மூக்குக்கண்ணாடி. அண்மைக்காலத்து ‘ஸ்லோ ஹார்சஸ்’ தொடரின் ஜாக்சன் லாம்போ காலுறையில் ஓட்டையோடு மேசைமேல் காலைத் தூக்கிப் போடுகிறார். (மினுக்கொற்றன், கசங்கொற்றன் என்னும் கலைச்சொற்களுக்குப் பொறுப்பு இக்கட்டுரையாளரே. தமிழறிஞர்கள் மன்னிக்க.)

இவ்விரு குலங்களும் பகைக் குலங்கள் என்று கருதுவோர் ஒன்றை அறிய வேண்டும். பாண்டு படங்களைத் தயாரித்த ஹாரி சால்ட்ஸ்மன்தான் 1965இல் ‘தி இப்கிரஸ் ஃபைல்’ படத்தையும் எடுத்தார். இசை அதே ஜான் பாரி, அரங்கம் அதே கென் ஆடம். ஒரே அடுப்பில் ஒரு பக்கம் பிரியாணி, மறுபக்கம் ரசம். இந்த ரசப் படத்தில் மைக்கேல் கெய்ன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆம்லெட் போடுகிறார், படிவம் நிரப்பச் சொன்னால் முணுமுணுக்கிறார். சம்பள உயர்வு கிடைத்ததும் அவர் நினைப்பு ஒரு புது மின்னடுப்பின் மேல் போகிறது. ஒற்றன் ஒருவன் அரசு ஊழியன் என்பதைத் திரை ஒத்துக்கொண்ட தருணம் அது.

படைத்தவர்களின் பணிப்பதிவேடும் நோக்கத்தக்கது. பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை உளவுத்துறையில் பெரும்பாலும் மேசை வேலை பார்த்தார். ஸ்மைலியைப் படைத்த லெ காரே என்கிற டேவிட் கார்ன்வெல் எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் பணியாற்றினார். கோப்புக் கட்டு நடுவே உட்கார்ந்தவனுக்குத்தான் கடற்கரையும் சீட்டாட்டமும் கனவில் வரும் என்பது என் துணிபு. வெளியே அலைந்தவனுக்குக் கால்வலி மட்டுமே நினைவிருக்கும்.

தமிழ்த் திரையின் நிலைப்பாட்டில் ஐயமே இல்லை. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) என்று ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்டானார். எம்.ஜி.ஆர். 1968இல் ரகசிய போலீஸ் 115 ஆனார். எண்ணில் சுழியம் போதாது என்று நூற்றுக்குப் போனது நம் பெருந்தன்மை. 1986இல் சுஜாதாவின் ‘விக்ரம்’ ராக்கெட்டைத் தேடி வேற்று நாடு போனது. ஆம்லெட் போட்டுக்கொண்டு பயணப்படிக்கு விண்ணப்பித்த தமிழ் ஒற்றனைத் தேடினால் கண்தான் பூக்கும். வெள்ளையர் படத்திலேயே இடம்பிடித்த நம்மவர் விஜய் அமிர்தராஜ். ‘ஆக்டோபஸி’யில் (1983) உதய்ப்பூரில் பாம்பாட்டி வேடத்தில் மறைந்திருந்து, பாண்டு படத்தின் இசையையே மகுடியில் ஊதித் தன்னை அடையாளம் காட்டுகிறார். மறைந்திருப்பதன் இலக்கணம் இதுவானால், நம் ஊர்க் கல்யாண நாதஸ்வரக்காரர் எல்லோரும் ஒற்றர்களே. ஆட்டோவும் ஓட்டி, டென்னிஸ் மட்டையாலும் அடித்துப் பார்த்த அந்தச் சென்னைக்காரரைப் படம் முடியுமுன்னே கொன்றுவிட்டார்கள்.

இனிச் சோதனை. அளவுகோல் வள்ளுவருடையது, ‘ஒற்றாடல்’ அதிகாரம், குறள் 581 முதல் 590 வரை. பார்ப்பவர் ஐயப்படாத உருவம் வேண்டும், எதற்கும் அஞ்சக் கூடாது, உள்ளதை வெளியே விடக் கூடாது என்பது அவர் வைக்கும் தேர்வு.

மினுக்கொற்றன் வெள்ளைக் கோட்டோடு ஊருக்குள் நுழைகிறான் என்று கொள்க. திண்ணைப் பாட்டி கேட்கிறாள்: “யாரு ஊட்டுக்குப்பா?”

“பாண்டு. ஜேம்ஸ் பாண்டு.”

“பேர யாரு கேட்டா? யாரு ஊட்டுக்குன்னு கேட்டேன்.”

முதல் கேள்வியிலேயே உண்மைப் பெயரை, அதுவும் இரண்டு முறை, சொல்லிவிட்டான். வள்ளுவரின் மூன்றாம் தகுதி போயிற்று. டீக்கடையில் நின்று, கலக்கக் கூடாது, குலுக்கித் தர வேண்டும் என்கிறான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, “ஆத்தித்தான் சார் குடுப்போம்” என்று கைக்கும் கைக்கும் முழ நீளத்துக்கு டீயை இழுக்கிறார். கிளாஸ் நுரையோடு மேடைக்கு வருவதற்குள், கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் நிலம் பார்க்க வந்திருக்கிறான் என்று தெருக்கோடி வரை செய்தி போய்விடுகிறது. தரகர்கள் இருவர் பைக்கில் வந்து இறங்குகிறார்கள்.

ஸ்மைலி வந்தால் கதை வேறு. “கோயிலுக்கும்மா.” “அடப்பாவமே, நடை சாத்திட்டாங்களே. சாயங்காலந்தான் தெறப்பாங்க. வந்து குந்து.” சொம்பில் தண்ணீர் வருகிறது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். நடை திறப்பதற்குள் வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, யார் மகன் யாரோடு பேசுவதில்லை என்பது முழுவதும் அவர் கேட்காமலே கைக்கு வந்துவிடுகின்றன. லண்டனில் அவர் கட்டுக்கட்டாகக் கோப்பு புரட்டித் திரட்டுவதை இங்கே ஒரு திண்ணை தருகிறது.

இங்கே ஓர் இடையீடு. கல்கியின் ஆழ்வார்க்கடியான் நம்பி இவ்விரு வகையிலும் அடங்கான். கைத்தடியும் வாய்ச்சண்டையுமாக ஊரையே கூட்டி, இவனா ஒற்றன் என்று எல்லோரும் ஒதுக்கும்படி செய்பவன். ‘சிவகாமியின் சபத’த்து நாகநந்தி துறவி வேடத்தில் காஞ்சியைச் சுற்றுவது குறள் 586இன் செயல்முறை விளக்கமே என்றாலும், ஒரு வைணவத் தலத்தில் நம்பியைப் போல் பிழைக்கக்கூடியவன் வேறெவனும் இல்லை. கூச்சலே மறைவிடமாகும் இம்மூன்றாம் வகையை ஆங்கிலேயர் சரியாகக் கவனிக்கவில்லை.

ஆனால் திருப்புட்குழியைச் சோதனைக்களமாகத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் தலவரலாறு. இராவணன் சீதையைத் தூக்கிச் சென்றதைக் கண்ட ஜடாயு, சிறகு வெட்டுண்டும் இராமன் வரும்வரை உயிரைப் பிடித்திருந்து தகவலைச் சொல்லி முடித்தார். அவருக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது விஜயராகவப் பெருமாள் கோயிலின் மரபு. குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். சண்டை போட்ட விதத்தில் ஜடாயு மினுக்கு வகை: எதிரே போய் அறைகூவினார். செத்த விதத்தில் கசங்கல் வகை. முக்கிய வேறுபாடு தலைமையில் இருக்கிறது. பர்ட்டனின் லீமஸை மேலிடமே பகடைக்காயாக்கி பெர்லின் சுவரடியில் சாகவிட்டது. பாண்டுக்கு மேலிடம் புதுக் கார் தரும். ஒற்றுச் சொன்னவனுக்கு மகன் ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைத்த மேலிடம் இரு வகைப் படங்களிலும் கிடையாது. மூன்று ஒற்றர் சொல் ஒத்தால்தான் நம்பலாம் என்கிறது குறள். கும்பகோணத்தருகே புள்ளபூதங்குடியும், வைத்தீஸ்வரன் கோயிலும் இதே சடங்குக்கு உரிமை கோருகின்றன. மூன்று சாட்சிகளும் சடங்கு நடந்ததில் ஒன்றுபட்டு, இடத்தில் மட்டும் வேறுபடுவதால் குறள் பாதி நிறைவேறியதாகக் கொள்ளலாம். இத்தலத்துத் தாயார் மரகதவல்லி வறுத்த பயறையும் முளைக்க வைப்பவள். ஓய்வுபெற்ற ஸ்மைலியைத் திரும்பத் திரும்ப வேலைக்கு அழைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இதே பக்கத்து மண்தான். 1780 செப்டம்பரில், ஹைதர் அலியோடு நடந்த போரில், ஆங்கிலத் தளபதி மன்றோவின் படை காஞ்சிபுரத்தில் நிற்க, பெய்லியின் படை அதனோடு சேர வந்துகொண்டிருந்தது. பெய்லிக்கு உதவியாக அனுப்பப்பட்ட ஃபிளெட்சரின் வழிகாட்டிகள் ஹைதர் அலியிடம் கைநீட்டியவர்கள். ஃபிளெட்சர் சந்தேகப்பட்டு வழியை மாற்றிப் பெய்லியிடம் சேர்ந்துவிட்டார். ஆனாலும் 10ஆம் தேதி புள்ளலூரில் அந்தப் படை அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782இல் இறந்தார். தளபதிகள் பெயரெல்லாம் புத்தகத்தில் உண்டு, போர்க்காட்சி தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகவும் உண்டு. வழிகாட்டிகள் முன்னே நடந்தார்கள் என்பதோடு சரி. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே என்ற பத்தாம் குறளை ஹைதர் அலி படித்திருக்க வாய்ப்பில்லை, கடைப்பிடித்திருக்கிறார்.

எஞ்சியிருப்பது கணக்கு. அதற்கும் இப்பக்கத்திலேயே அளவுகோல் உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலைத் தேர்தலில் நிற்பவருக்குத் தகுதி வகுக்கிறது. கால்வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள். இந்த நிலத்தகுதியில் ஸ்மைலியும் பாண்டும் ஒருசேரத் தோற்கிறார்கள். ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை விலக்கும் விதியில் ஸ்மைலி தப்புவார். ரசீதைப் பத்திரப்படுத்தும் முகம் அது. துறையின் கருவியாளர் கியூ கொடுத்த கார்களைப் பெரும்பாலும் உருக்குலைத்தே திருப்பித் தரும் பாண்டு தப்ப மாட்டார். அவ்விதி கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் சேர்த்தே விலக்குகிறது. அத்தை மக்களும் அதில் அடக்கம். பாண்டை வளர்த்த அத்தை சார்மியன், ஃபிளெமிங்கின் 1964ஆம் ஆண்டு நாவலின்படி, செல்வி. பிள்ளைகள் இருந்ததாகக் குறிப்பில்லை. ஆகவே அந்த வகையில் நீக்க வேண்டிய ஓலை எதுவும் இல்லை.