கொல்லைப்புற ஆட்சியியல்: தவிட்டுத் தட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐந்து சென்ட் கொல்லையில் நாட்டுக்கோழி, வாத்து, கினிக்கோழி, வான்கோழி நான்கையும் ஒன்றாக விட்டால் அங்கே ஆட்சி யாருடையது? இவ்வினாவை அறிஞர் உலகம் இதுகாறும் தீண்டியதாகத் தெரியவில்லை. வளர்ப்பவருடையதே ஆட்சி என்போர் உண்டு. விடியற்காலையில் தவிட்டுத் தட்டோடு கொல்லைக் கதவைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் அவர்கள்; ஆகவே அக்கருத்து தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆய்வு முறை: திண்ணையில் உட்காருதல்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை இருப்பதை 1920களில் நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே எழுதிவைத்தார். மூத்த பெட்டை கொத்தினால் விடைக்கோழி விலகிக்கொள்ளும், அதில் சச்சரவில்லை. கினிக்கோழி தட்டருகே வந்ததும் அரசியல் சாசனம் கிழிகிறது. ஆப்பிரிக்கப் பூர்விகமுள்ள இப்பறவை கூட்டமாக வந்து, சேவலைத் துரத்தி வாலிறகைப் பிடுங்கும். பாம்பு, பருந்து, மின்கணக்கு எடுக்க வருபவர் என்ற பேதம் பாராமல் ஒரே சுருதியில் கத்தும். பொழுது சாய்ந்தால் கொடாப்பை மதிக்காமல் வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். எனினும் காவல் இலாகா அதற்கே உரியது.

நீர்வளத் துறையை வாத்திடம் ஒப்படைத்ததுதான் பெரும்பிழை. காய்ந்த தவிடு அதற்குத் தொண்டையில் இறங்காது. ஒரு வாய் அள்ளும்; தொட்டிக்கு ஓடும்; அலசும்; மிச்சத்தை அங்கேயே விட்டுத் திரும்பும். சற்று நேரத்தில் தொட்டியில் இருப்பது தண்ணீரா கூழா என்பது விவாதத்துக்குரியது. சிந்தும் நீரால் தரை ஈரமானால் கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும் என்பதில் மட்டும் விவாதமில்லை. தொட்டியைத் தென்னையடிக்கு மாற்றுக.

அடை வைப்பதில் காலக்கணக்கு முக்கியம். கோழிமுட்டை 21 நாளில் பொரியும். வாத்துமுட்டைக்கு 28, மணிலா வாத்துக்கு 35. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கோழிக்கு வைத்தால், தன் குஞ்சுகள் வந்ததும் அது எழுந்துபோய்விடும், மற்றவை வீணாகும். வாத்துமுட்டையை ஒரு வாரம் முன்னதாக வைக்க வேண்டும். பொரிந்த வாத்துக்குஞ்சுகள் குட்டையில் இறங்கும்போது கரையில் நின்று கேறும் தாய்க்கோழிக்கு ஆறுதல் சொல்லும் வழியை ஆய்வு கண்டறியவில்லை.

இனி வான்கோழி. உருவத்தில் பெரிது, உரிமைகோரலில் சிறிது. அதன் குஞ்சுக்குத் தீனி எது என்பதுகூடச் சட்டென்று பிடிபடாது. பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சை விட்டால் அது கொத்துவதைப் பார்த்துத் தானும் கொத்தும். கேடு அங்கேதான் இருக்கிறது. கோழியின் குடற்புழு முட்டைகளில் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓரணு உயிரி ஒளிந்திருக்கும். கோழி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். வான்கோழிக்கோ ஈரல் புண்ணாகி, மஞ்சளாகக் கழிந்து சாகும்.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: மூன்று இனங்கள் சண்டையிட்டுக்கொண்டே கூடி வாழலாம், வான்கோழிக்குத் தனி அடைப்பு வேண்டும். கோழி மேய்ந்த தரையாக இருக்கக்கூடாது. அந்தப் புழுமுட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.