கொப்புளம் கிளம்பினால் குணம்

ஐரோப்பிய வைத்தியம் உலகுக்கு அளித்த கொடைகளில், மரகதப் பச்சையில் மினுங்கும் ஒரு வண்டும் உண்டு. ஸ்பானிஷ் ஈ என்று பேர். விடியற்காலைக் குளிரில் அது விறைத்துக் கிடக்கும்போது மரத்தை உலுக்கித் துணியில் விழவைப்பார்கள். வினிகர் ஆவியில் கொன்று, உலர்த்திப் பொடித்து, களிம்பில் குழைத்தால் மருந்து தயார். தோலில் போட்ட சில மணி நேரத்தில் நீர்கோத்துக் கொப்புளம் எழும். கெட்ட நீர் வெளியேறுகிறது என்று வைத்தியர் பூரிப்பார். வண்டிலுள்ள காந்தாரிடின், தோல் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டுகளை அறுப்பதால் கோக்கிற நீர் அது. கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாலும் கொப்புளம் வரும். வெந்நீருக்கு யார் கட்டணம் கொடுப்பார்கள்?

ராஜாக்களும் தப்பவில்லை. 1685இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுக்குத் தலையை மழித்துக் கொப்புளம் கிளப்பினார்கள். சில நாளில் போய்ச்சேர்ந்தார். 1788இல் மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்தது. மூளைக்கு வந்த நோய்க்குக் காலில் கொப்புளம் கிளப்பி வேகவைத்தார்கள். முரண்டு பிடித்தபோது கையைக் கட்டும் சட்டையை மாட்டினார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டனின் கதை இன்னும் விசேஷம். 1799 டிசம்பர் 14. தொண்டை அடைத்து மூச்சு முட்டுகிறது. முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னவர் அவரேதான். அந்தக் காலத்துப் பாமர நம்பிக்கை, விட்டுவிடலாம். படித்தவர்கள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்களே! ஒரே பகலில் இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் இறக்கினார்கள். மூச்சு விடத் திணறும் கழுத்தின்மேல் வண்டுப் பிளாஸ்திரி. பேதிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று. போதும், இனி ரத்தம் எடுக்கவேண்டாம் என்றவர் மூவரில் இளையவரான எலிஷா டிக். இளையவர் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? இரவு பத்து மணி வாக்கில் எல்லாம் முடிந்தது. செய்த சிகிச்சையை வரிசைப்படுத்திப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெட்கப்பட்டு அல்ல, கடமை தவறவில்லை என்று காட்ட!

இதே வண்டை உள்ளுக்குக் கொடுத்தார் என்று லண்டன் மருத்துவர் சங்கம் 1690களில் குரோனவெல்ட் என்ற டச்சு வைத்தியரைச் சிறையில் தள்ளியது. உள்ளே போனால் சிறுநீரகம் வேகும் என்பது உண்மைதான். ஆனால் வெளியே வேகவைத்த கனவான்களை விசாரிக்க யார் இருந்தார்கள்? குரோனவெல்ட் வழக்குப் போட்டபோது, அவரைத் தண்டித்த சங்கத் தணிக்கையாளர்கள் நீதிபதிகளுக்குச் சமம், அவர்கள்மேல் வழக்குச் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி சிரிப்பதற்கில்லை. உள்ளே போன விஷம் சிறுநீர்ப் பாதையை எரித்துக்கொண்டு வெளியேறும்போது உறுப்புகள் வீங்கும். அந்த ரணத்துக்கு ஆண்கள் வைத்த பெயர் ஆசை. கொப்புளத்தைக் குணம் என்று படித்த அதே கண்கள்தான்; வேகிறது அடுத்தவர் உடம்பாக இருந்தால் எதையும் எப்படியும் படிக்கலாம். 1772இல் மார்சேய் நகரத்தில் மார்க்கி த சாத் என்ற பிரெஞ்சுப் பிரபு, விலைமாதர்களுக்கு இந்தப் பொடி கலந்த சோம்பு மிட்டாய் கொடுத்தார். அவர்கள் வாந்தியெடுத்துத் துடித்தார்கள். நீதிமன்றம் சாத்துக்கு மரண தண்டனை விதித்தது. ஆள் அகப்படவில்லை, கொடும்பாவியைத் தண்டித்தார்கள். 1778இல் அதுவும் ரத்து. ஐம்பது லிவர் (அந்நாளைய பிரெஞ்சுப் பணம்) அபராதம், ஒரு கண்டிப்பு, மூன்றாண்டு மார்சேய்ப் பக்கம் வரக்கூடாது. அதற்குள் அகப்பட்டிருந்த அவர் அதன்பிறகும் சிறையிலிருந்தது மாமியார் வாங்கிவைத்த அரசாணையால். விஷம் தின்ற பெண்களுக்கு அப்படியொரு மாமியார் வாய்க்கவில்லை.

1810இல் ரொபிகே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் காந்தாரிடினைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். இன்று தோல் மருத்துவர்கள் சிலவகை மருக்களின்மேல் மட்டும் அளந்து ஒரு சொட்டு வைக்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மிட்டாய்க்காரர்கள் ஓயவில்லை. 1954இல் லண்டனில் ஒரு மருந்து நிறுவனத்தின் மேலாளர், உடன் வேலை பார்த்த பெண்ணுக்கு ஆசையூட்டப் போகிறேன் என்று தேங்காய் மிட்டாயில் காந்தாரிடினைக் கலந்தார். இரண்டு பெண்கள் செத்தார்கள். அதைக் கொலை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஐந்தாண்டுச் சிறை என்றது.