மலையடிவாரத்தில் இணையப் பாடம்

கேள்வி: புளியஞ்சோலை மாதிரி கொல்லிமலை அடிவார ஊர்களில் செல்போன் சிக்னல் கண்ணாமூச்சி ஆடினால், இணையவழிக் கல்வி எப்படி எடுபடும்?

பதில்: சிக்னல் ஒளிந்தால் ஒளியட்டும், பாடத்தைக் கையோடு எடுத்துப் போய்விடலாமே!

2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் வந்தபோதே, பக்கங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோடும் வந்துவிட்டது. திக்‌ஷா செயலியைத் திறந்து, கேமராவை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். துறையூர் போகிற அப்பா, நல்ல சிக்னலில் அதைப் பதிவிறக்கி வந்தால் போதும். ராத்திரி திண்ணையில் இணையம் இல்லாமலே ஓடும். பத்து முறை திருப்பிக் கேட்டாலும் சலித்துக்கொள்ளாத வாத்தியார் அது!

செல்போனே இல்லாத வீடுகள்? 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது டி.வி.யையே கரும்பலகை ஆக்கியது.

ஆனாலும், புரியாமல் விழிக்கிற பிள்ளையின் முகத்தைப் படிக்க மனிதர்தான் வேண்டும். அப்படித்தான் 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், தன்னார்வலர்களை வீட்டருகே அனுப்பியது.

ஒளிச்சேர்க்கையில் இலைக்குள் நடப்பதை வீடியோ காட்டட்டும். ஆறு பாறையை அரிக்கும் பாடத்துக்கு மட்டும், கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் ஐயாற்றங்கரைக்கே ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். அந்த வகுப்புக்கு சிக்னலும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்!