அரைப் பேருக்கு என்ன கணக்கு, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

துபாயிலிருந்து மருமகன் எழுதிக்கொள்வது. நம்ம எஹலியகொட பக்கம் விடாத மழை, ரப்பர் பால்வெட்டே இல்லை என்று அம்மா சொன்னார். இங்கே 2024 ஏப்ரலில் ஒருநாள் நன்றாகப் பெய்தது. ரோட்டில் கார்கள் மிதந்தன, உலகமே செய்தி போட்டது. நம்ம பக்கம் அந்த மழைக்குப் பள்ளிக்கூடம்கூட லீவு விடமாட்டார்கள்.

"மருமகன் காசு அச்சடிக்கப் படிக்கிறானாமே?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். வாட்ஸ்அப்பில் விளக்கினால் பாதியிலேயே போனை அத்தையிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பர்துபாயில் கம்பியூட்டர் தெரு என்றே ஒரு தெரு உண்டு. பழைய லெப்டொப் ஒன்று அங்கே வாங்கினேன். பகலில் கோடவுன் வேலை, இரவில் படிப்பு. தேராவில் பெட் ஸ்பேஸ், எனக்கு மேல் கட்டில். லைட்டை அணைத்த பிறகு போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதால், கீழ்க் கட்டில் திருநெல்வேலி அண்ணனுக்குச் சந்தேகம். "யாருடா அது, தினமும்?" என்றார். "சொலிடிட்டி" என்றேன். "பேர் நல்லாயிருக்கு, எந்த ஊர்ப் பொண்ணு?" என்றார். அது நான் படிக்கும் கணினி மொழி. குணத்தில் அவர் நினைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் பேச்சையே நிறுத்திவிடும்.

படிப்பது பிளாக்செயின். உங்களுக்கு இது புதிதே இல்லை மாமா. விடிகாலையில் ஆள் எடுக்கும் பிரட்டில், செக்ரோல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையாக நின்றவர் நீங்கள். யாருக்கு முழுநாள் கூலிக்குப் பேர், யாருக்குப் பாதிக் கூலிக்கு அரைப் பேர் என்பது அந்தப் புத்தகத்தில்தான். ஆனால் புத்தகம் ஒரே ஆளிடம். உழைத்தவருக்கு அது சம்பள நாளன்றுதான் தெரியும். அதற்கும் முந்திய காலத்தில் துண்டு முறை. கங்காணி எழுதிய கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாற முடியும். கடன் எவ்வளவு என்பதும் கங்காணி கணக்குத்தான். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

பிளாக்செயினில் அதே செக்ரோலின் பிரதி ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தைக் கணக்கிட்டு எடுத்த ஒரு முத்திரை உண்டு. பழைய பக்கத்தில் ஒரு எழுத்தைச் சுரண்டினாலும் பின்னால் வரும் முத்திரை ஒன்றும் பொருந்தாது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் 2008இல் ஒன்பது பக்கத்தில் இதை எழுதிவிட்டுப் போனார். யாரென்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது. விட்டாலிக் புட்டரின் 2013இல் எதிரியம் என்ற யோசனையை எழுதியபோது அவருக்கு வயது 19. அது 2015 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அதில் கணக்கு மட்டுமல்ல, கணக்குப் போடும் சட்டத்தையே எழுதி ஏற்றிவிடலாம். நான் படிப்பது அந்தச் சட்டம் எழுத.

2016 ஜூனில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எதிரியத்தில் 'டாவோ' என்று ஒரு பொதுப் பணப்பெட்டி. அதன் நிரல் காசைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கணக்கில் கழித்தது. ஒருவன் காசு வாங்கிய கையோடு, கழிப்பதற்கு முன்பே திரும்பத் திரும்பக் கேட்டான். அதுவும் திரும்பத் திரும்பக் கொடுத்தது. போனது எதிரியத்தின் காசான ஈதர், சுமார் 36 இலட்சம். முதலில் புத்தகத்தில் கழி, பிறகு காசை எண்ணு என்று நீங்கள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்! அவ்வளவு படித்தவர்களிடம் ஒரு கணக்கப்பிள்ளை இல்லாமல் போய்விட்டார். அடுத்த மாதமே, யாராலும் திருத்த முடியாது என்ற புத்தகத்தை பெரும்பாலோர் கூடிப் பேசித் திருத்தினார்கள். திருத்த மறுத்தவர்கள் பழைய புத்தகத்தோடு தனியாகப் போனார்கள். தோட்டத்தில் துரை தனியாளாகச் செய்வதை இவர்கள் கூட்டம் போட்டுச் செய்கிறார்கள்.

பயிற்சிக்கு நான் எழுதுவது நம்ம பிரட்டுக் கணக்குத்தான். முதல் இரவே மாட்டிக்கொண்டது: சொலிடிட்டியில் புள்ளி வைத்த எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அரைப் பேரை எப்படி எழுத? முழுப் பேருக்கு 2, அரைப் பேருக்கு 1 என்று வைத்தேன். 2024இல் பேசி முடித்த 1,350 ரூபாயை நாட்சம்பளமாகப் போட்டால், ஒன்றுக்கு 675. நல்லவேளை, சரிபாதியாக உடைந்தது. ஓட்டிப் பார்ப்பது செபோலியா என்ற சோதனை வலையில். அங்கே ஈதர் இலவசம், கொடுக்கும் இடத்துக்குப் பெயர் குழாய். சொட்டுச் சொட்டாக விடும். லயத்துக் குழாய் எவ்வளவோ தாராளம். நிஜ வலையில் ஒவ்வொரு வரி எழுதவும் கட்டணம். கூலியை எழுதும் செலவு கூலியையே தாண்டிய காலமும் உண்டு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அத்தை பறிக்கும் தேயிலைக் கொழுந்தில் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ கழிப்பார்களே, அந்தக் கழிவை இந்தப் புத்தகம் தடுக்காது. தராசில் நிற்பவர் 14 என்றால் இதுவும் 14 என்றே எழுதும், யாரும் அழிக்க முடியாதபடி. காணியிலும் அப்படித்தான்: துபாய்க் காணித் திணைக்களம் 2017லேயே சொத்துப் பதிவைப் பிளாக்செயினுக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. நம்ம லயத்துக் காம்பராவை அப்படிப் பதிய முதலில் ஒரு காணி உறுதி வேண்டும், அதைத்தான் காணோம்.

சின்னவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கொயின் வாங்கினால் மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்று யார் வந்தாலும் சீட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இலங்கை மத்திய வங்கியே பல தடவை எச்சரித்துவிட்டது. நான் படிப்பது வேறு, அவர்கள் விற்பது வேறு.

ஒரு உதவி வேண்டும். காலையில் பிரட்டுக்கு வந்து, மரத்தில் கத்தி வைத்த பிறகு மழை பிடித்துக்கொண்டால், அன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா? நிரலில் அந்த இடத்தை வெற்றாக விட்டு வைத்திருக்கிறேன். சட்டப்படி எப்படி, நீங்கள் எப்படி எழுதினீர்கள், இரண்டையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்