எவர்சில்வரே போடு மாப்ள, எனக்கும் பொழப்பு ஓடணும்ல!

வாடா மாப்ள, உக்காரு. அந்த ஸ்டூல்ல கிரீஸ் இருக்கு, பாத்து. பொட்டலத்தைப் பிரிக்கவே வேணாம், சத்தத்துலயே தெரியுது. எவர்சில்வர் போல்ட்டு. ஆறு, எட்டு, பத்து எம்எம், ஆலன் தலை, கூடவே நட்டு, வாஷர். மதுரைக்கே போய் வாங்கிட்டு வந்தியாக்கும்? நல்ல காரியம். போடி பஜார்ல கடை இருக்கையில மதுரை வரைக்கும் போய் வாங்கின போல்ட்டு கொஞ்சம் கூடுதலாத்தான் இறுகும்.

இஞ்சின்ல துருப்பிடிச்சுக் கெடக்கிற அம்புட்டையும் கழட்டிப் போட்டுட்டு இதைப் பூட்டணும். பானட்டைத் தொறந்தா பாத்திரக்கடையாட்டம் மின்னணும். விடியக்காலம் சூரியநெல்லியில கொழுக்குமலைக்கு ஆள் ஏத்த நிக்கிற ஜீப்பு வரிசையில, உன் வண்டி மட்டும் பானட்டைத் தூக்கிக்கிட்டே நிக்கணும். அதானே? பூட்டு மாப்ள. நான் எதுக்குத் தடுக்கப்போறேன்? உன்னை மாதிரி இன்னும் நாலு பேரு கெளம்பினா இந்தத் தகரக் கொட்டகையை எடுத்துட்டு மாடி கட்டிருவேன். உன் அத்தையும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.

ஆனா செய்யிறதைத் திருந்தச் செய்யணும். டேப்பெட் கவரு, அது இதுன்னு ஓரத்துல நோண்டிக்கிட்டு இருக்காத. நேரா ஹெட்டுல கை வையி. எனக்கும் அதுலதான் கூலி கூட.

அதுக்கு முன்னாடி அந்தப் பழைய போல்ட்டு ஒண்ணை எடு. தலையில இருக்கிற துருவைச் சொரண்டு. 8.8-னு அடிச்சிருக்கா? அது விலை இல்லை மாப்ள. மொத எட்டு என்னன்னா, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தாத்தான் அது அறும். புள்ளிக்குப் பின்னாடி நிக்கிற எட்டு, அதுல 80 சதம் வரைக்கும், அதாவது 640 வரைக்கும் இழுத்து விட்டாலும் பழைய நீளத்துக்கே திரும்பிரும்னு சொல்லுது. இப்ப உன் பளபளப்புக்காரன் தலையைப் பாரு. ஏ2-70. அவன் 700-ல அறுவான். போகட்டும், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா அவன் திரும்பி வர்ற எல்லை 450-தான். பத்து எம்எம் போல்ட்டுன்னு கணக்குப் போட்டா, பழசு சுமார் 3,780 கிலோ இழுவை வரைக்கும் தாங்கிட்டுத் திரும்பும். உன்னது 2,660 கிலோவுலயே நீண்டு போய் அப்படியே நின்னுக்கும்.

நீண்டா என்னவாம்ங்கிற? ஏண்டா, இறுக்குறதுன்னா வேற என்ன? போல்ட்டு இறுக இறுக நூல் அளவு நீளுது. நீண்டது மறுபடி சுருங்கப் பாக்குது பாரு, அந்த வீம்புலதான் ஹெட்டும் பிளாக்கும் ஒண்ணை ஒண்ணு விடாமக் கெடக்கு. வீம்பு போன போல்ட்டு சும்மா ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும். வெளியில இருந்து பாத்தா அம்சமாத்தான் இருக்கும்.

இதுல சூடு வேற. இந்த எவர்சில்வரு சூட்டுல ரொம்பப் பெருக்கும். 100 எம்எம் நீள போல்ட்டை 80 டிகிரி ஏத்தினா அது 0.13 எம்எம் நீளும். அதே சூட்டுல வார்ப்பிரும்பு 0.09-க்குள்ளயே நின்னுரும். மயிரிழை வித்தியாசம்னு நீ சிரிப்ப. கேஸ்கெட்டு சிரிக்காது. கொழுக்குமலைக்கு மொத கியர்ல கல்லு மேல கல்லா முக்கிக்கிட்டு ஏறுற இஞ்சினுக்குச் சூட்டைப் பத்தி நான் சொல்லித் தரணுமா? மேல போய் நின்னு ரேடியேட்டரு ஆவி விட்டா, கூட வந்தவங்ககிட்ட அதையும் மூடுபனின்னு சொல்லிச் சமாளிச்சுக்க.

மரை எந்த மரைன்னு பாத்தியா? பாத்திருக்க மாட்ட. உன் வண்டி ரெண்டு நாட்டுச் சம்பந்தம். ஜீப்போட அடிமுதல் அமெரிக்காக்காரன் வில்லிஸ். மஹிந்திரா அதை வாங்கித்தான் 1940-கள் கடைசியில இங்க பூட்ட ஆரம்பிச்சது. இஞ்சின் பிரெஞ்சுக்காரன் பீஜோ. அதனால வில்லிஸ் வழியில வந்த பாகத்துல அங்குல மரை, பீஜோவுல மில்லிமீட்டர் மரை. 5/16 அங்குலம்னா 7.94 எம்எம். உன் எட்டு எம்எம் போல்ட்டும் அதுவும் பக்கத்துல வச்சா அண்ணன் தம்பிதான். ஆனா ஒரு சுத்துக்கு உன்னது 1.25 எம்எம் உள்ள போகும், கனத்த மரை 5/16 போல்ட்டு 1.41 போகும். அந்த ஓட்டையில உன்னதை விட்டா ரெண்டு சுத்து ஜோரா ஏறும், மூணாவதுல இறுகும். "ஆகா, என்னமா இறுகுது மாமா!"ன்னு நீ சந்தோஷப்படுற நேரத்துல உள்ள மரை நறநறன்னு போயிட்டு இருக்கும்.

அந்த ஏர் கன்னை எடு. எடுடா, பயப்படாத, உன் போல்ட்டுதானே. எவர்சில்வர் போல்ட்டை வைஸ்ல கட்டி, எவர்சில்வர் நட்டை அதுல விட்டு அடி. பாத்தியா? பாதி தூரம் போச்சு, ஒரு கீச்சு. அம்புட்டுதான். இப்ப முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. தொட்டுப் பாரு, சுடும். துரு அண்டாம இருக்க இந்த உலோகத்துக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு, குரோமியம் ஆக்சைடு. வேகமா உரசினா அது உரிஞ்சு, உள்சதையும் உள்சதையும் ஒட்டிக்கும். வெல்டிங் ராடு இல்லாமயே வெல்டு. இனி ஹாக்சா பிளேடுதான் வழி. அதைக் கழட்ட நான் காசு கேக்கலை, கண்காட்சிக்குன்னு வச்சுக்கிறேன்.

ஒட்டாம இருக்க ஆன்டி சீஸ் பசை தடவி, மெதுவாக் கையால ஏத்தணும். ஆனா பசை தடவினா வழுக்கு கூடும். மேனுவல்ல போட்டிருக்கிற டார்க்கை அப்படியே வச்சா போல்ட்டு அளவுக்கு மீறி நீண்டுரும். அதனால டார்க்கைக் குறைக்கணும். உன்கிட்ட டார்க் ரெஞ்சே கிடையாது, அந்தக் கவலை உனக்கு எதுக்கு!

அலுமினிய உறுப்புல பூட்டுறப்ப ஒரு வேடிக்கை இருக்கு. அலுமினியமும் எவர்சில்வரும் பக்கத்துல உக்காந்து நடுவுல ஈரம் சேந்தா, அரிபடுறது அலுமினியம்தான். போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அது மாப்பிள்ளை முறுக்குலயே இருக்கும். மரையில வெள்ளை வெள்ளையாப் பொடி பூத்து, ரெண்டு மழைக்காலம் கழிச்சுக் கழட்டினா மரையும் சேந்து வரும். மூணாறுப் பக்கத்து மழைக்கும் சேத்துக்கும் கேக்கவா வேணும். அப்ப எங்கிட்ட வருவ. நான் ஓட்டையைப் பெருசாக்கி ஹெலிகாயில் போடுவேன். அந்தச் சுருள் எதுல செய்யிறாங்க தெரியுமா? எவர்சில்வர்ல. கடைசியில உன் ஆசை நிறைவேறத்தான் செய்யும்.

போல்ட்டு உள்ள அறுந்துச்சுன்னா இன்னும் விசேஷம். சும்மா இரும்பு போல்ட்டுன்னா ட்ரில் பிட்டு வச்ச எடத்துல எறங்கும். இது தேய்க்கத் தேய்க்கக் கெட்டிப்படுற சாதி. பிட்டு மழுங்கும், வழுக்கிப் பக்கத்து அலுமினியத்துக்குள்ள எறங்கும். எனக்கு மணிக்கணக்குல வேலை. டீயும் நீதான் வாங்கித் தரணும்.

காந்தம் வச்சுக் காட்டினானா கடைக்காரன்? ஒட்டலை, அதனால அசல் 304 ரக எவர்சில்வருன்னானா? பாத்திரத்துக்கு அடிக்கிற மலிவு 202-லயும் காந்தம் ஒட்டாது மாப்ள. துரு மட்டும் 304-க்கு முன்னாடி வந்துரும். உன்னோடதுல தலையில எழுத்தாவது இருக்கு. எழுத்தே இல்லாம மொட்டைத் தலையா இருக்கிறதைக் குப்பையில போடு.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. எங்க அக்கா மகன்ங்கிறதால கூலி வாங்காமச் சொல்றேன். நம்பர் பிளேட்டுக்கு இதைப் போடு. ஏர் கிளீனர் கிளாம்பு, பேட்டரி கிளாம்பு, மட்கார்டு, ஒயரைப் பிடிக்கிற கிளிப்பு, எங்கெங்க போல்ட்டு சும்மா தொங்கவிட்டுப் பிடிக்குதோ அங்கெல்லாம் போடு. ஹெட்டு, மெயின் பேரிங் கேப்பு, கனெக்டிங் ராடு, ஃபிளைவீல், இஞ்சின் மவுண்டு, இந்தப் பக்கம் பொட்டலத்தைத் தொறக்கவே தொறக்காத. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு வாங்கிக்க. எம்புட்டு வெந்தாலும் துருவேறி ஒட்டாது. இதுல எதுலயும் சேராத மத்த எடத்துல அதே 8.8, துத்தநாகம் பூசினது, பஜார்லயே கெடைக்கும்.

துருவு துருவுங்கிறியே, குனிஞ்சு இஞ்சினோட அடிவயித்தைப் பாரு. பூராவும் ஆயில் பூசிக்கிட்டு உக்காந்திருக்கு. அங்க எங்கடா துரு வரும்? நீ பாத்த துரு மேல இருக்கிற நாலு தலையிலதான். ஒயர் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சு, டீசல்ல ஊற வச்சு, மரை நல்லா இருந்தா ஒரு சொட்டு ஆயில் விட்டு அதையே திருப்பிப் பூட்டலாம். கிட்ட நின்னு பாத்தா அறுபது வயசுக்காரன் முகத்துல கூடத்தான் துரு. உன் அத்தை மாத்தியா புட்டா?

நாளைக்குக் காலையில வண்டியை இங்க நிறுத்து. வாட்டர் பம்பையும் டைமிங் கவரையும் கழட்டிப் பாப்போம். அதுல ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு நீளம். மாத்திப் பூட்டினா நீட்டு போல்ட்டு உள்ள முட்டும், குட்டை போல்ட்டு மரையைப் பிடிக்காது. அதனால ஒரு கெட்டி அட்டையில கவரு மாதிரியே வரைஞ்சு, ஓட்டை போட்டு, கழட்டக் கழட்ட அதது எடத்துல குத்தி வைக்கணும். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் அதுக்குத் தோது. யாரு வீட்டுப் பத்திரிகையா இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துட்டு வந்துரு. உன் பத்திரிகைக்குக் காத்திருந்தா வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்.